கடைசித் துண்டு வானம்

"மூச்சு விடாத!" என்றார் ஹூஷங்.

ஃபரங்கீஸ் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கவில்லை. நவ்ரோஸ் புத்தாண்டுக்கு ஷிராஸ் நகரமே வீடு வீடாக விருந்துக்குப் போய்க்கொண்டிருக்க, கணவனும் மனைவியும் கம்பளத்தில் கவிழ்ந்து படுத்து படப்புதிர்த் துண்டுகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெளியே மாமாவின் குரல் முழங்கியது. "ஹூஷங்! கதவைத் திறப்பா! குடும்பத்தோட வந்திருக்கோம்!"

"போன வருஷம் பிஸ்தா மொத்தமும் காலியாகிற வரைக்கும் நகரலையே உங்க மாமா!" என்று கிசுகிசுத்தாள் ஃபரங்கீஸ்.

"ஷ்ஷ்! அந்த நீலத் துண்டைக் கொடு."

அழைப்பு மணி அலறி ஓய்ந்தது. காலடிகள் படியிறங்கின.

"தப்பிச்சோம்டி!"

கடைசித் துண்டு வானத்தை ஹூஷங் பொருத்தப் போன நேரம், பூட்டில் சாவி திரும்பியது. பயணப் பெட்டியோடு உள்ளே வந்த பர்வானே இடுப்பில் கை வைத்தாள்.

"ஏன்க்கா, புத்தாண்டுத் தங்கமீனுக்குத் தீனி போடத்தானே எங்க வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டு ஊருக்குப் போனேன்? படியில உங்க மாமா, 'எதிர்வீட்டுக்காரங்க எங்கம்மா போனாங்க?'ன்னு என்னைக் கேக்கறார். நீங்க என்னடான்னா, நான் பிரிக்காம வச்சிருந்த புதிரை..."

"மீன் தனியா இருக்கேன்னு..." என்று இழுத்தார் ஹூஷங்.

அதற்குள் மணி அடித்தது. "பர்வானே! வந்துட்டியாம்மா? நாங்க எல்லாரும் வந்திருக்கோம்!"

அவள் மாமியாரின் குரல். பர்வானே சத்தமில்லாமல் கம்பளத்தில் கவிழ்ந்தாள்.

"நான் இன்னும் ஊர்லேருந்து வரலை," என்று கிசுகிசுத்தாள். "தள்ளுங்க. கடைசித் துண்டு என்னுது."