கருங்கல் ஞானஸ்நானத் தொட்டி

அவள் வலது கையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தபோது சம்மட்டி ஏற்கெனவே காற்றில் இருந்தது.

ஓங்கிய அவள் கணவன் பார்த்துவிட்டான்.

நிறுத்த முடியவில்லை.

முதலில் சத்தம் மட்டும்தான். கல் உடைவதும் எலும்பு உடைவதும் ஒரே சத்தமாகக் கேட்டது.

வலி பிறகு வந்தது. தூரத்தில் தெரிகிற ஒருவர் நடந்து நடந்து பக்கத்தில் வந்துவிடுவதைப் போல.

தொட்டியின் விளிம்பிலிருந்து கீழே பாதிவரை விரிசல் ஓடியிருந்தது. மேலே பித்தளைக் கிண்ணம். காலையில் ஒரு பெண் குழந்தையின் தலையில் ஊற்றியது போக மிச்சத் தண்ணீர் அதில் ஆடிக்கொண்டிருந்தது. ஆடியபடியே சிவந்தது.

ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆராதனை முடிந்த கையோடு நடந்த சபைக் கூட்டத்தில் பாஸ்டர் விதியை வாசித்திருந்தார். மெதடிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் ஒரு முறைதான். சிறு பிள்ளையாய் அதைப் பெற்றவர்கள் வளர்ந்தபின் குளத்தில் முழுகி மறுபடி எடுப்பது, கடவுள் முன்பு செய்ததைப் பொய் என்பதாகும். அப்படி முழுகிய ஏழு பேர் இன்றுமுதல் சபையில் இல்லை.

முதல் பெயர் அவள் கணவனுடையது.

"முங்கி எந்திரிச்சா ரட்சிப்பா? எருமைகூடத்தான் நாள் பூரா முங்குது!" என்றார் சபைச் செயலாளர் பர்னபா.

எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்தும் சிரிப்பு வந்தது.

சிரிப்பு அடங்கும்வரை அவன் நின்றான். வெளியே போனான். திரும்பி வரும்போது தோளில் சம்மட்டி இருந்தது. தங்கச் சுரங்கத்தில் அவன் அப்பா பாறை உடைத்தது.

"கைய எடு" என்றான் இப்போது.

எடுக்கத்தான் நினைத்தாள். மூன்று விரல்கள் கேட்கவில்லை.

"இது வெறும் கல்லுடி. நம்பத் தெரியாத புள்ளைங்க தலையில தண்ணிய ஊத்தி நம்மள நாமளே ஏமாத்திக்கிறோம்."

"ஓபேதுக்கும் இதுலதான் ஊத்துனாங்க."

அவர்களுடைய மகன். நாற்பதாம் நாள் இந்தத் தொட்டிக்குத் தூக்கி வந்தார்கள். எண்பத்திரண்டாம் நாள் கல்லறைக்கு. அவனுக்கென்று நல்ல நாள் ஒன்று இருந்தது என்றால் அது இங்கே நடந்ததுதான். வேறு எதுவும் அவளிடம் இல்லை.

அவன் வாய் கோணியது.

"ஊத்துனாங்க. காப்பாத்துச்சா?"

குளத்தில் இறங்கிய அன்றும் அவன் வேத வசனம்தான் சொன்னான். இதைக் கேட்டதில்லை. வீட்டிலும் கேட்டதில்லை.

"காப்பாத்தறதுக்கா ஊத்துனோம்?" என்றாள். பல் கிட்டித்துக்கொண்டு வந்தது. "அவன் என்ன, நம்மள நம்பிட்டா நமக்குப் பொறந்தான்? ஒண்ணும் தெரியாதப்பவே நம்ம புள்ள. கடவுளுக்கும் அப்படித்தான்னு சொல்றதுக்கு ஊத்துனது."

அவன் அவளைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான்.

சம்மட்டியை இறக்கினான். பிடி அவன் விரல்களிலிருந்து நழுவித் தரையில் சாய்ந்தது.

அதற்காகத்தான் சபையார் காத்திருந்தார்கள்.

பின்னாலிருந்து நான்கைந்து பேர் ஒன்றாக விழுந்தார்கள். யாரோ அவன் முடியைப் பிடித்து இழுத்தார்கள். காணிக்கைப் பையின் கம்பு அவன் காதின் மேல் இறங்கி முறிந்தது. முறிந்த துண்டால் மறுபடி அடித்தார்கள். அவனோடு முழுகியவர்கள் கதவருகே நின்றார்கள். பிறகு அங்கேயும் இல்லை.

"போதும்" என்று பாஸ்டர் கத்தினார். கையில் விதிப் புத்தகம் விரிந்தபடியே இருந்தது.

பர்னபா உதைத்தார். ஞாயிற்றுக்கிழமைக்கென்று பளபளப்பாகத் துடைத்த ஷூ.

"எதுலடா கை வெக்கிற?"

உதை.

"ஓபேது ஞானஸ்நானம் வாங்குன தொட்டிடா!"

உதை.

"ஓபேது வாங்குன தொட்டிடா!"

"விடுங்கண்ணே" என்றாள். "அண்ணே, விட்டுருங்க."

கேட்கவில்லை. அவர்கள் அவளுக்காகத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிள்ளைக்காக. அவன் முகம் இருந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. அவன் கைகள் முகத்தை மறைப்பதை விட்டுவிட்டன.

அவள் வலக்கையைக் கல்லிலிருந்து பிய்த்து எடுத்தாள்.

இடக்கையால் சம்மட்டியின் பிடியை அதன் இரும்புத் தலைக்கு அருகில் பற்றினாள். கனமாக இருந்தது. இடுப்பைக் கொடுத்துத் தூக்கினாள்.

விரிசலில் அடித்தாள்.

கல் முனகியது.

மறுபடி அடித்தாள். மறுபடி. ஒவ்வொரு அடிக்கும் வலக்கையின் இரத்தம் சுவரில் தெறித்தது.

தொட்டி இரண்டாகப் பிளந்து விழுந்தது. பித்தளைக் கிண்ணம் ஓசையோடு பெஞ்சுகளுக்கு அடியில் உருண்டு போனது. எங்கோ முட்டி, சுழன்று, நின்றது.

பர்னபாவின் கால் பாதியில் நின்றது.

அவர் தொட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

அவள் சம்மட்டியைக் கீழே விடவில்லை.

ஒருவர் பின் ஒருவராக விலகினார்கள். சட்டைகளை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். யாருடைய கையிலோ இன்னும் கம்புத் துண்டு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சில் பாட்டுப் புத்தகத்தின் அருகே வைத்தார்.

அவள் ஈரத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். ஒரு பல் துணியோடு வந்தது.

அவன் ஒற்றைக் கண்ணைத் திறந்தான். உடைந்த கல்லை வெகுநேரம் பார்த்தான்.

"ஏன்டி ஒடச்ச?"

"புள்ள அதுலயா இருக்கான்?"

அவன் அழத் தொடங்கினான். அழுதபடியே அவளுடைய வலக்கையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

அவள் அதை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.