கேட்கக் கூடாத கேள்விகள்

"இன்னொரு தடவ யாராவது இந்தக் கேள்வியக் கேட்டா, அன்னைக்கே சீட்டக் கிழிச்சிடுவேன்!" மேனேஜர் விஜயராகவன் மேசையில் ஓங்கித் தட்டினார். டீ டம்ளர்கள் ஆடின.

விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கூட்டம் தொடங்கும் முன் துர்கா, பக்கத்தில் இருந்த லூர்துசெல்வியிடம், "உனக்குப் பூர்வீகம் எது?" என்று பேச்சுக்குக் கேட்டுவிட்டாள். இனம், சாதி, நிறம், பூர்வீகம் பற்றி வேலை செய்யும் இடத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று விதி எழுதத்தான் அந்தக் குழுவே கூடியிருந்தது. அங்கேயே இப்படி ஒரு கேள்வி!

கம்பெனி தைக்கும் தோல் பைகளை மொத்தமாக வாங்கும் பாரிஸ்காரர்கள் கேட்ட விதிகள் இவை. வெள்ளிக்கிழமை நேரிலேயே வருகிறார்கள். அவர்களுக்குத் திருப்தி இல்லாவிட்டால் ஆர்டர் அம்போதான்.

லூர்துசெல்விக்கு மேனேஜர் மேல் மரியாதை பொங்கியது. சுனாமியில் அப்பாவின் படகு போன பிறகு, குருசுக்குப்பத்திலிருந்து தையல் பிரிவுக்கு வேலைக்கு வந்தவள் அவள். டிகிரிக்காரர்கள் அத்தனை பேர் இருக்க, ஐந்து பேர் குழுவுக்கு அவளைக் கூப்பிட்டாரென்றால் சும்மாவா? "எம்பொண்ணு மூளைக்குக் கெடச்ச மரியாத" என்று அவள் அம்மா மீன் கூடையோடு தெருத் தெருவாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டுமே! லூர்துசெல்வி உட்கார்ந்து எழுதித் தள்ளினாள். 'நீங்க என்ன ஆளுங்க?' கூடாது. 'எந்தத் தெரு?' கூடாது. 'வீட்டுல கறி, மீன் உண்டா?' வாயைப் பிடுங்கும் கேள்வி, அதுவும் கூடாது. 'குலதெய்வம் எது?' கூடவே கூடாது.

"சபாஷ்! ஒரு சந்து விடாம அடைச்சிட்டம்மா" என்றார் மேனேஜர்.

நடுவில் குழுவிலிருந்த கிருஷ்ணசாமிக்குக் காரைக்கால் கிளைக்கு மாற்றல் வந்தது. மேனேஜர் குடோன் குடோனாகத் தேடி நாராயணசாமியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த மனிதர் டீ வந்தால் கண் திறப்பார், மற்ற நேரமெல்லாம் தூக்கம்.

"இவர் எதுக்கு சார்?" என்று லூர்துசெல்வி மெல்லக் கேட்டாள்.

"அந்த எடத்துக்கு அவர்தாம்மா பொருத்தம்."

பெரிய இடத்துக் கணக்கு நமக்கெதற்கு என்று இருந்துவிட்டாள்.

"எழுதின நீயே அவங்க முன்னாடி படிச்சிடு" என்று மேனேஜர் சொன்னதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடற்கரையில் நின்று அலைச் சத்தத்தை மீறிப் படித்துப் பழகினாள். வியாழக்கிழமை காலையில் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

அழுகையை விழுங்கிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனாள். "சார், எனக்குப் பதிலா அக்கவுண்ட்ஸ் ஜூலி குழுவுக்கு வரட்டும் சார்" என்றாள் கிசுகிசுப்பாக. "மாதா கோயில்ல எங்கூடப் பாடுற பொண்ணு. பிரெஞ்சு அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. என்னால ஆர்டர் போயிடக் கூடாது சார்."

விஜயராகவன் யோசித்தார். துர்கா, நாராயணசாமி என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஐந்தாவது விரலில் நிறுத்தி, அவளைப் பரிவோடு பார்த்தார்.

"ஜூலி சரிப்படாதும்மா. உங்க ஆளுங்கள்ல வேற யாருமில்லையா?"