தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே

முதலாளி மில்லுக்குள் நடந்து வரும்போது எல்லாரும் மெஷினை விட்டு விலகி நின்று தலை குனிய வேண்டும். குனியாத ஒருத்தியைப் போன வருடம் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடமாகக் கழுத்துப் பிடித்துக்கிடந்த அன்னக்காமுவை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். "திமிர் இல்லீங்க மொதலாளி, அவளுக்குக் கழுத்து மடங்காது" என்று சூப்பர்வைசர் பால்சாமி ஒவ்வொரு தடவையும் அவளுக்காகக் கெஞ்சுவார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், அந்தக் கெஞ்சலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெர்னடெட், ஆறு புதன்கிழமைகள் அவளைப் படுக்கவைத்து, பழுத்த பப்பாளியை ஏந்துவதுபோலத் தலையை இரண்டு கைகளிலும் ஏந்தி, கழுத்தெலும்பு ஒவ்வொன்றையும் விரலால் அழுத்தி இளக்கினாள். ஏழாவது புதன், எழுந்து நிற்கச் சொல்லி, "தாடைய நெஞ்சுல வைங்கக்கா" என்றாள். தாடை நெஞ்சைத் தொட்டது. அன்னக்காமு நின்றபடியே தன் கால்விரல்களைப் பார்த்தாள். மெட்டி கறுத்துப்போயிருந்தது.

மறுநாள் பால்சாமியிடம், "சுத்தமாச் சரியாயிருச்சுண்ணே" என்று இரண்டு தடவை குனிந்து காட்டினாள். அவருக்கும் அப்பாடா என்றிருந்தது.

முதலாளி வந்தார். வரிசையாகத் தலைகள் தாழ்ந்தன. அன்னக்காமு அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். முதலாளி பால்சாமியிடம் திரும்பினார்.

"அவளுக்குக் கழுத்து..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த பால்சாமி, பாதியில் நிறுத்தினார்.

"கழுத்து இப்ப நல்லா மடங்குதுங்க மொதலாளி" என்றாள் அன்னக்காமு, நிமிர்ந்தபடியே.