நம்மளது

வெடிச் சத்தம் கேட்டதும் முப்பத்தெட்டு பேரும் போனை எடுத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு எந்தப் பட்டாசுக் கம்பெனியிலும் வேலை கிடையாது என்று அதிகாரிகளிடம் சொல்கிறவர்கள்தான் நாங்கள் எல்லோரும். ஆனாலும் எடுத்தோம்.

எங்கள் கோல்ஃப் கிளப்பின் பொதுக்குழு நடந்துகொண்டிருந்தது. ஏழாவது குழிக்குப் போகிற வழியில் நிற்கும் கருவேல மரத்தை வெட்டலாமா, கூடாதா என்பது தீர்மானம். அந்த ஒரு மரத்துக்கு அது மூன்றாவது பொதுக்குழு.

ஆறு வருடமாக நான்தான் தலைவர். பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தம். ஆளுக்கொரு பங்கு, ஆளுக்கொரு ஓட்டு. பட்டாசோடு அச்சகம், தீப்பெட்டி என்று அவரவர் இடத்தில் அவரவர் முதலாளி. இங்கே வந்தால் இங்கேயும் முதலாளி. இத்தனை முதலாளிகளுக்கு நடுவில் சம்பளமில்லாத வேலைக்காரன் ஒருவன் வேண்டுமே, அவனுக்குப் பெயர்தான் தலைவர். புல் காய்ந்தால் என்னை ஏசுவார்கள். தண்ணீரைத் திறந்துவிட்டால் யாரைக் கேட்டுத் திறந்தாய் என்பார்கள்.

ஜன்னலுக்கு வெளியே, தாயில்பட்டிப் பக்கம், புகை வெள்ளையாக எழும்பிக்கொண்டிருந்தது.

ஹாலில் ஆளாளுக்குப் போனைக் காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் எடுக்கிறார்களா என்று காத்திருந்தார்கள்.

பிறகு ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். "நம்மளது இல்ல."

முன்வரிசையில் ஒருவர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர். சொன்னவர்கள் நாற்காலியில் சாய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் சொன்னேன். டீ வந்தது.

டீயை அப்படியே வைத்தேன். ஆம்புலன்ஸுக்கு அடித்தேன். இருக்கிற வண்டி வேறொரு விபத்துக்குப் போயிருக்கிறது, நாற்பது நிமிடமாவது ஆகும் என்றார்கள்.

மேடையை விட்டு இறங்கி வந்து கெஞ்சினேன். ஒன்பது பேர் ரோட்டோரம் வெந்து கிடக்கிறார்கள், நம் வாசலில் முப்பது கார் நிற்கிறது, பத்து நிமிடத்தில் போய்த் தூக்கிவிடலாம் என்றேன். சீட் பாழாய்ப் போனால் நான் மாற்றித் தருகிறேன் என்று கூடச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பொங்கலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அள்ளிக் கொடுக்கிறவர்கள்தான். பயம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வெடித்தால் அது லைசென்ஸ்காரர் திருட்டுத்தனமாக வேறொருவனுக்கு உள்குத்தகைக்கு விட்ட ஷெட் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் கார் நம்பரை எழுதிக்கொள்வார்கள். சாயங்காலம் போலீஸ் அந்த நம்பரைத் தேடி வரும். எவனோ செய்ததற்கு நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

அச்சகமும் வைத்திருக்கும் ஹரிபிரசாத், முதலில் உங்கள் காரை எடுங்கள் தலைவரே, நாங்கள் பின்னாலேயே வருகிறோம் என்றார்.

டிரைவர் சாப்பிடப் போயிருக்கிறான் என்றேன். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது.

அப்போதுதான் லட்சுமிகாந்தம் அண்ணாச்சி எழுந்தார். எங்களில் மூத்தவர். அவர் கிளம்பினால் கிளப்பே கிளம்பும்.

"தலைவரே, நம்ம மெம்பரு யாருதாச்சும்னா ஒரு வார்த்தை சொல்லுங்க. கேஸு கீஸு வந்தா எல்லாரும் சேந்து பாத்துக்கிடுவோம். அம்புட்டுக் காரும் இப்பவே போகும். யாருதுன்னே தெரியாம எப்படிப் போறது?"

சும்மா சொல்லவில்லை அவர். நம்மவன் என்று தெரிந்துவிட்டால் நெருப்புக்குள்ளேயே காரை விடுவார்கள், எனக்குத் தெரியும். ஆறு வருடத்தில் ஒரு மரத்தைக் கூட என்னால் வெட்டவைக்க முடியவில்லை. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனை பேரும் என் பேச்சைக் கேட்பார்கள்.

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

யாருதுன்னு தெரியலையே அண்ணாச்சி என்றேன்.

அவர் உட்கார்ந்துவிட்டார்.

ஐம்பது நிமிடம் கழித்து சைரன் எங்கள் கேட்டைத் தாண்டிப் போனது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே, ஐந்து பேர் போய்விட்டார்கள் என்று சேதி வந்தது. எழுந்து நின்று இரங்கல் தீர்மானம் போட்டோம். முன்மொழிந்தவன் நான். ஒருமனதாக நிறைவேறியது.

வெட்கம் பிடுங்கித் தின்கிறது. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

சத்தம் கேட்டதும் நான் யாருக்கும் போன் போடவில்லை. எடுத்த போன் கையிலேயே அடித்தது.

முத்துப்பேச்சி. எங்கள் கம்பெனியில் பதினைந்து வருடம் சங்குசக்கரம் சுற்றியவள். என் லைசென்ஸில் இருக்கிற நாலு ஷெட்டைப் போன வருடம் நான் உள்குத்தகைக்கு விட்டபோது, ஷெட்டோடு அவளும் போனாள். குத்தகைக்காரன் போனை எடுக்கவில்லை என்று எனக்கு அடித்திருக்கிறாள்.

"மொதலாளி, நம்ம செட்டுதான். ஒம்பது பேரு ரோட்டுல கெடக்காக. ஒரு காராவது அனுப்புங்க."

ஹாலில் எல்லோரும் நம்மளது இல்ல, நம்மளது இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சொன்னேன்.

போனை அணைப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். அவளுக்கும் கேட்டிருக்கும்.