"நான்" இல்லாத வாக்கியம்

குலசேகரம் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மியேர் எர் கால்ட்.

எனக்குக் குளிராக இருக்கிறது என்பதை ஐஸ்லாந்து மொழியில் இப்படித்தான் சொல்வார்கள் என்றார் ஆசிரியை சிக்ரூன்.

லண்டனில் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு ஜனவரி. வகுப்பில் ஹீற்றர் வேலை செய்யவில்லை. யாரும் கோட்டைக் கழற்றவில்லை.

பக்கத்திலிருந்த ஆங்கிலேயர் ஐஸ்லாந்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர். இதில் "நான்" எங்கே என்று கேட்டார்.

"இல்லை. குளிர் நீங்கள் செய்வதல்ல, உங்களுக்கு நேர்வது" என்றார் சிக்ரூன்.

குலசேகரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். எனக்குக் குளிருது. மியேர் என்றால் எனக்கு, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் "நான் குளிர்" என்று சொல்லிப் பழகத்தான் அவருக்கு வருடங்கள் பிடித்தன.

டூட்டிங்கில் ஒரே அறையில் கூட இருக்கும் ஆனந்தராஜா அன்று காலையும் சிரித்தான். "உந்தப் பாஷையைப் படிச்சு என்ன செய்யப்போறியள் அண்ணை? பிரெஞ்சு எண்டாலும் பாரிசுக்குப் போகலாம்."

குலசேகரம் பெற்றோல் ஷெட்டில் ஷிப்டை மாற்றிக்கொண்டு, ஒரு வகுப்பும் விடாமல் வந்தார்.

சிக்ரூன் அவர் பக்கம் திரும்பினார். ஐஸ்லாந்தில் உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

மனைவி, என்றார்.

வேலைக்குப் போனவரா?

இல்லை. கனடா என்று சொல்லி ஏஜென்ட் அங்கே இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் அதைக் கனடா என்றுதான் நினைத்திருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை.

அவளை இங்கே எடுக்க விடமாட்டார்களாம், அதனால் தானே அடுத்த மாதம் அங்கே போவதாகச் சொன்னார்.

சிக்ரூன் பலகையைத் துடைத்தார். பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறொரு வாக்கியம் எழுதினார்.

தெத்தா எர் கோனன் மீன்.

கோனன் என்றால் மனைவி, யாரிடம் வந்தீர்கள் என்று விமான நிலையத்தில் அதிகாரி கேட்டால் படத்தைக் காட்டி இதைச் சொல்லவேண்டும் என்றார். மனைவியின் படம் இருக்கிறதா?

குலசேகரம் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கமலாம்பிகையின் படத்தை எடுத்து, அதிகாரிக்கு முன்னால் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்று நீட்டினார்.

முதற்சொல் பிழைத்தது. சிக்ரூன் திருத்தினார். குலசேகரம் திரும்பச் சொன்னார். மறுபடியும் பிழைத்தது. மறுபடியும் சொன்னார்.

கடைசிச் சொல் மட்டும் முதல் தரமே சரியாக வந்தது. மீன்.

என்னுடைய, என்று அர்த்தம்.