கரடி போட்ட டின்

"இதுல தேன் இருக்குன்னு எவன் சொன்னான்?"

சிரில் குவளையை டொக்கென்று மேஜையில் வைத்தார். தேனீ வளர்ப்போர் சங்கக் கூடத்தில் சாசேஜ் மென்றுகொண்டிருந்த வாய்களெல்லாம் அப்படியே நின்றன.

பிளாஷுக்கு முகம் வெளுத்துப்போனது. செஸ்நட் பூத்தேன் கலந்து அவன் காய்ச்சியதுதான் ஊரிலேயே முதல் தேன் பீர். நானூறு பாட்டில் தயார். சங்க முத்திரை கிடைத்தால்தான் அடுத்த ஞாயிறு திருவிழாவில் கடை போடலாம். முத்திரை கிடைக்க, சங்கத்துக்காக ருசி பார்க்கிற சிரில் தலையாட்ட வேண்டும்.

லேசில் ஆட்டுகிற தலையா அது? போன வருஷம் செஸ்நட் மரம் பூக்கிற நேரம் பார்த்து மழை கொட்டித் தீர்த்தது. ஸ்லோவேனியாவில் பாதிப் பேர் கூட்டில் சொட்டுத் தேன் இல்லை. சிரிலுக்கு மட்டும் பத்து டின்! என்ன கைராசி என்று ஊரே வாயைப் பிளந்தது.

"இன்னொரு வாய் குடிச்சுப் பாருங்கண்ணே," என்றாள் சங்கத் தலைவி ஸ்டாங்கா.

இன்னொரு குவளையே குடித்தார். சந்தேகம் தீரவில்லை. மூன்றாவது குவளையும் கேட்டு வாங்கினார். நியாயம்னு ஒண்ணு இருக்கே!

"பீர் நல்லாத்தான் இருக்கு, அது வேற விஷயம். செஸ்நட் தேன்னா அடிநாக்குல ஒரு கசப்பு நிக்கணும். பீர்க் கசப்பு வேற, தேன் கசப்பு வேற. இது சுத்த சர்க்கரைப் பாகு! என் நாக்கு பொய் சொல்லாது."

"தேனை எங்கப்பா வாங்கினே?" என்று கேட்டாள் ஸ்டாங்கா.

பிளாஷ் வாயைத் திறந்தான். சிரிலைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

அவன் மனைவி நிவெஸ் விலாவில் இடித்தாள். "சொல்லித் தொலையேன்! ஏன் இப்படி ஊமையாட்டம் நிக்கிறே?"

"ஞாபகமில்லை."

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" சிரில் எழுந்தே விட்டார். "கலப்படக்காரனுக்கு எப்படிடா ஞாபகம் இருக்கும்? இனிமே ஒரு தேனீ முகத்துல முழிப்பியா நீ?"

ஸ்டாங்கா முத்திரையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நிவெஸ் அழுதுகொண்டே வெளியே ஓடினாள்.

நாலு பேர் வந்து சிரிலின் கையைக் குலுக்கினார்கள். அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் தேன் விஷயத்தில் தாட்சண்யம் பார்க்க முடியுமா? மீசையைத் தடவிக்கொண்டே, பின்வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுக்கப் போனார்.

பின்னாலேயே பிளாஷ் வந்தான், கையில் ஒரு சாக்கோடு.

"என்னடா, சண்டைக்கு வந்தியா?"

"இல்லண்ணே." சாக்கின் வாயை லேசாகத் திறந்து காட்டினான்.

உள்ளே ஒரு காலி டின். மூடியில் சிவப்புக் கரடி. சிரில் தன் தேன் டின்களில் தன் கையாலேயே வரைகிற கரடி. மழையில் பட்டினி கிடந்த தேனீக்களுக்கு வாளி வாளியாகச் சர்க்கரைப் பாகு ஊற்றி எடுத்தாரே, பத்து டின்? உள்ளூரில் விற்றால் வம்பு என்று மச்சினி மூலமாகத் தலைநகர் லுப்லியானா சந்தைக்கு அனுப்பினாரே, அதில் ஒன்று!

குடித்த மூன்று குவளையின் போதையும் அந்த நொடியே சிரிலுக்கு இறங்கிவிட்டது.

"உங்க நாக்கு பொய் சொல்லலண்ணே," என்றான் பிளாஷ் தணிந்த குரலில். "சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க, தலைவியம்மா இந்தப் பக்கந்தான் வர்றாங்க."