கீறல் விழுந்த ராக்கெட்

"இதுவும் ரிஜக்ட்" என்றார் மேஜர் ரூடிச்.

ஃபோர்மேன் ஸகாருக்குக் கோபம் தலைக்கேறியது. காலையிலிருந்து இது மூன்றாவது ராக்கெட் குழாய்.

"என்னங்க குறை இதுல, தோழர் மேஜர்?"

"கீறல்." கையிலிருந்த வீட்டுச் சாவியால் சுட்டிக்காட்டினார்.

"பூனை நகம் பட்ட மாதிரி இருக்கு. இதுக்குப் போய் ஒரு ராக்கெட்டையே கழிக்கறதா?"

"இந்தக் கீறலோட போய் அமெரிக்காவுல விழுந்தா, நம்மளப் பத்தி அவன் என்னய்யா நினைப்பான்?"

ராணுவத்தின் சார்பில் சரக்கைப் பார்த்து வாங்குபவர் மேஜர். அவர் முத்திரை குத்தாவிட்டால் ராக்கெட்டும் வெறும் குழாய்தான். சோவியத் நாட்டின் யூரல் மலையடிவாரத்தில் இருந்த அந்தத் தொழிற்சாலை ஊரில், அந்த எண்பதுகளில், அவரைத் திட்டாத வாய் கிடையாது.

ஸகார் நேராக இயக்குநரிடம் போய்ப் புகார் சொன்னான்.

"நாளைக்கு மாஸ்கோவுலேர்ந்து ஜெனரல் வர்றார். அவர்கிட்டயே சொல்லு" என்றார் இயக்குநர். "மேஜர் மேல தப்புன்னா அவர் போவாரு. உன் மேல தப்புன்னா, நீ ஃபோர்மேன் இல்ல. கிடங்கு பெருக்கப் போயிடு."

வீட்டில் மனைவி லிதியா முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றிக்கொண்டே புலம்பினாள். குழந்தைகள் காப்பகத்தில் அவள்தான் சமையல்.

"இன்னிக்கும் ஒத்தப் பானைதான். முதல்ல சூப்பு. அதைக் கழுவிட்டுக் கஞ்சி. கஞ்சி வர்றதுக்குள்ள பாதிப் பிள்ளைங்க தூங்கிடுது. ஊரே ராக்கெட் செய்யுது, ஒரு பானை செய்ய நாதியில்ல."

"நல்ல அலுமினியமெல்லாம் ராக்கெட்டுக்கு. கழிச்சுப் போட்டதுதான் ரெண்டாம் பட்டறைக்குப் போய்ப் பானையாகும். சட்டம் அப்படி."

"அப்ப எதையாச்சும் கொஞ்சம் மோசமாச் செய்யேன்யா."

"என் கையில மோசமான வேலையே வராது."

"அதான் பிரச்சினை" என்றாள் லிதியா.

மறுநாள் ஜெனரலுக்குக் காட்டக் குழாய்களைத் துடைத்து வைக்கலாமென்று ஸகார் சீக்கிரமே போனான். உள்ளே மேஜர் குனிந்திருந்தார். கையில் அதே சாவி. பளபளக்கும் புதுக் குழாயின் மேல், நாக்கைக் கடித்துக்கொண்டு, கோலம் போடுகிற கவனத்தோடு ஒரு கீறல் போட்டுக்கொண்டிருந்தார்.

"அடப்பாவி மனுஷா."

மேஜர் பதறவில்லை. "காப்பகத்துல பானை இல்ல. பிரசவ ஆஸ்பத்திரியில வாளி இல்ல. நீ இப்படிக் குறையே இல்லாமச் செஞ்சு தள்ளினா நான் என்னய்யா பண்றது?"

"இது துரோகமில்லையா?"

"அமெரிக்காக்காரன் நூறு ராக்கெட் வெச்சா நாம நூத்திப்பத்து. நாம வெச்சா அவன் நூத்தியிருபது. இப்படியே போனா அவன் குண்டே போட வேண்டாம். உன் பொண்டாட்டி பானை கழுவி முடிக்கிற வரைக்கும் சும்மா காத்திருந்தாப் போதும். நாமளே விழுந்துடுவோம்."

வாசலில் கார் வந்து நின்றது. மார்பு நிறையப் பதக்கங்கள் கிணுகிணுக்க ஜெனரல் உள்ளே வந்தார்.

"மேஜர் மேல புகார் சொன்னது யாரு?"

ஸகார் மேஜரைப் பார்த்தான். அவர் சாவியைப் பைக்குள் நழுவவிட்டு, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க, தோழர் ஜெனரல். ஆனா தப்பும் என் மேலதான். எங்க கிரேன் கொக்கி உரசிடுது. மேஜர் கழிச்சது சரிதான்."

பின்னால் நின்ற இயக்குநர், துடைப்பம் பிடிப்பதுபோல் காற்றில் இரண்டு தடவை பெருக்கிக் காட்டினார்.

"அங்க அவன் ராப்பகலா செஞ்சு குவிக்கிறான், இங்க நீ கீறிக்கிட்டிருக்கியா?" ஜெனரலின் குரலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. "ஒவ்வொரு கிராம் அலுமினியமும் தாய்நாட்டோட பாதுகாப்புக்கு. கேட்டுக்க. எல்லாரும் வெளிய போங்க. இவன்கிட்ட நான் தனியாப் பேசணும்."

எல்லாரும் வெளியேறுவதை ஸகார் பார்த்துக்கொண்டு நின்றான். கிடங்கா, ஜெயிலா?

கதவு மூடியதும் ஜெனரல் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்ப்பா, ரெண்டாம் பட்டறைன்னு ஒண்ணு இருக்காமே. ஜாம் காய்ச்சற அகலச் சட்டி அங்க கிடைக்குமா? தோட்டத்துப் பழமெல்லாம் அழுகுது. மாஸ்கோ பூரா அலைஞ்சுட்டா என் வீட்டுக்காரி. ஒரு சட்டி கிடைக்கல."

"செய்வாங்கய்யா. ஆனா இப்பக் கழிச்சதெல்லாம் காப்பகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகுது. இனிமே புதுசா ரிஜக்ட் வந்தாத்தான்."

ஜெனரல் யோசித்தார். முத்திரை குத்தித் தயாராயிருந்த குழாயின் அருகே போனார். இரண்டு பக்கமும் பார்த்தார். மார்பிலிருந்து ஒரு பதக்கத்தைக் கழற்றி, அதன் ஊசியால் நீளமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

"இவ்வளவு பெரிய கீறல், உங்க மேஜர் கண்ணுல படவே இல்லையா?"